குறுக்கே வந்த செவலை மாடு

வீரலட்சுமி வாயைத் திறந்தால் பொய் வராது என்று ஊரில் பேர். அந்தப் பேர் இல்லாமல் இருந்திருந்தால் அவள் சொன்ன அந்த ஒரு பொய்யை எவனும் நம்பியிருக்க மாட்டான். நல்ல பேர் வாங்கி என்னத்தைக் கண்டாள், போங்கள்!

உப்பூர் விலக்கிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில், கருவேல மரங்களைத் தாண்டியதும் வருகிற மூன்றாவது வீடு அவளுடையது. ஜன்னலோரம் ஒரு மேசை, மேசைமேல் கம்ப்யூட்டர், காதில் ஹெட்செட். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு விளக்குவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும். அமெரிக்காவில் ஒருத்தன் காரைக் கொண்டுபோய் இன்னொரு காரில் மோதுகிறான் என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து, நடந்ததையும் அடிபட்டதையும் எழுதுவார். அந்தக் குறிப்பு அத்தனை கடலையும் தாண்டி வீரலட்சுமியின் மேசைக்கு வரும். அவள் அதை வரி வரியாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய குறியெண்ணைப் போடுவாள். எலும்பு உடைந்ததற்கு ஒன்று, அது எதனால் உடைந்தது என்பதற்கு இன்னொன்று. ஓட்டினவனா, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனா? மோதியது காரா, லாரியா, மரமா, மாடா? எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. பைக்கில் போனவன் மாட்டில் மோதினால் வி-20. அதே ஆளைச் சின்ன லோடு வண்டி இடித்தால் வி-23. இந்த எண்ணை வைத்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் தருவதும் தராததும். மெடிக்கல் கோடிங் என்று பேர். ஊர்க்காரர்கள் அந்தப் பேரை வைத்துக்கொள்ளவில்லை. "ஆக்சிடென்ட் பாக்குற பிள்ளை" என்றுதான் சொன்னார்கள்.

அவளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது கீழக்கரை சூஃபியா. இரண்டு பேரும் சென்னையில் ஒரே அறையில் தங்கி வேலை பழகினவர்கள். இப்போது சூஃபியாதான் குழுவுக்குத் தலைவி. வீரலட்சுமி போட்ட எண்களைச் சரிபார்ப்பதும் அவள்தான். தொழிலில் சேர்ந்த புதிதில் சூஃபியா இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

"டாக்டர் எழுதலையா, அது நடக்கல. நீயா ஊகிச்சு ஒண்ணும் போடாதே புள்ளே. அப்புறம், எதையும் மொட்டையா விடாதே. கை உடைஞ்சதுன்னா எந்தக் கை? வலதா, இடதா? மேல் எலும்பா, கீழ் எலும்பா? மொட்டையா விட்டா அல்லாஹ் மேல ஆணையா திரும்பி வந்துரும். வெவரம் இருந்தாத்தான் இன்சூரன்ஸ்காரன் நம்புவான்."

வெவரம் இருந்தால் நம்புவான்! இந்த ஒரு பாடத்தை வீரலட்சுமி இத்தனை நன்றாகப் படித்திருக்க வேண்டாம்.

அவள் புருஷன் தங்கப்பாண்டி உப்பூர் விலக்கில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். சுற்றுவட்டாரத்தில் எந்தப் போர்வெல் மோட்டார் புகைந்தாலும் அவன் கைக்குத்தான் வரும். தலைமுடி கனத்துக்கு இருக்கிற செம்புக் கம்பியை வரிசை பிசகாமல் சுற்றுகிற கை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுகிறபோதே கேட்பான்: "என்ன மேடம், இன்னைக்கு அமெரிக்காவுல எத்தன பேரு விழுந்தாக?" அவளும் சளைக்காமல், "நம்ம ஊரு மோட்டார விடக் கம்மிதேன்" என்பாள். பிள்ளை இல்லை என்கிற குறை இருந்தது. அதைச் சொல்லிக்காட்டுகிற ஆள் அவன் இல்லை.

பிள்ளை மாதிரி ஒருத்தன் இருந்தான், அவள் தம்பி காளீஸ்வரன். அம்மா போனபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்தான். இடுப்பில் வைத்தபடியே இவள் பள்ளிக்கூடம் முடித்தாள். அய்யாவும் போனபிறகு, இருந்த மிளகாய்த் தோட்டத்தை விற்று ஏஜெண்டிடம் கட்டி, சிங்கப்பூருக்கு விசா வாங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் விமானம். அந்த நேரத்தில்தான் பயலுக்கு ஆட்டம் பிடித்தது. சிநேகிதர்கள் வழியனுப்புகிறோம் என்று கூடினார்கள். வாலிநோக்கத்திலிருந்து உப்பு ஏற்றி இறக்கிவிட்டு வந்த ஒருத்தனின் குட்டியானை அங்கே நின்றது. யானை இல்லை, சின்ன லோடு வண்டிதான், இந்தப் பக்கம் அதற்கு அதுதான் பேர். "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாரேன்" என்று சாவியை வாங்கினான். லைசென்ஸ் கிடையாது. உள்ளே போன சரக்குக்கும் குறைவு கிடையாது.

விளக்கு வைக்கிற நேரம். தங்கப்பாண்டி கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வளைவில், பின்னாலிருந்து வந்த குட்டியானை அவனைத் தூக்கி அடித்தது. ரோட்டில் வேறு ஈ காக்கை இல்லை. இடித்தவனே இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தான். பார்த்தால், கிடப்பது அவனுடைய மச்சான்.

அப்படியே தூக்கி வண்டியின் பின்பக்கம் போட்டு வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "அக்கா, மச்சானுக்கு அடிபட்டுருச்சுக்கா, ஏறு" என்று கத்தினான். அவள் எதையும் கேட்கவில்லை. உப்புப் பொடி ஒட்டிக்கிடந்த பலகையில் உட்கார்ந்து, புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம்வரை போனாள். தேவிபட்டினம் தாண்டுகிறபோது அவன் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தான். அவளை யார் என்று தெரியாத பார்வை.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் அவனை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே ஓடப்போனவளின் காலைத் தம்பி பிடித்துக்கொண்டான்.

"நான்தேன்க்கா இடிச்சேன். கண்ணு தெரியலக்கா. கேஸ் ஆச்சுன்னா பாஸ்போர்ட்டு போச்சு, விசா போச்சு. அய்யா தோட்டமும் போச்சுல்ல? என்னய உள்ள வச்சுருவாங்கக்கா. மச்சானே கேட்டாலும் என்னய வெட்டிப்போட்டுருவாரு."

அப்போதுதான் அவன் வாய் நாற்றம் அவளுக்கு உறைத்தது. ஓங்கி ஓர் அறை விட்டாள். இன்னொன்றும் விட்டாள். அவன் அழுதான். அம்மா போனபிறகு பசிக்கு அழுவானே, அதே அழுகை. பாழாய்ப்போன மனசு, அந்த அழுகையைக் கேட்டதும் இளகிவிட்டது. தம்பியை ஜெயிலுக்கு அனுப்பினால் புருஷன் கால் ஒட்டிக்கொள்ளப் போகிறதா என்று ஒரு யோசனை வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் உள்ளேயிருந்து "பேஷண்டோட வந்தவங்க யாரு?" என்று குரல் வந்துவிட்டது.

டியூட்டி டாக்டர் சின்னப் பையன். கண் சிவந்து, பேனாவைப் பிடித்தபடியே தூங்குகிற மாதிரி இருந்தான். "எப்படி ஆச்சு?" என்று கேட்டான். 'எனக்குத் தெரியாது சார், நான் வீட்டுல இருந்தேன்' என்று அவள் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவள் தொழில்காரி ஆயிற்றே! எந்தக் குறிப்பில் எது விட்டுப்போனால் கேள்வி வரும் என்று விரல் நுனியில் வைத்திருப்பவள். கடகடவென்று சொன்னாள்.

"பைக்ல தனியா வந்தாரு சார். அவருதான் ஓட்டுனாரு. ஹெல்மெட் போடல. வேற வண்டி எதுவும் மோதல. மாடு குறுக்க வந்துருச்சு, அதுல இடிச்சு வலது பக்கமா விழுந்திருக்காரு. எந்தம்பி பின்னாடி வந்துக்கிட்டிருந்தான், கண்ணால பாத்தவன் அவன். அவன்தேன் தூக்கிட்டு வந்தான். வழியில வாந்தி இல்ல. ஒருவாட்டி முழிச்சாரு, ஆள் தெரியல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க மெடிக்கல் லைனா?" என்று மரியாதையாகக் கேட்டான். அவன் இரண்டாவது கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டான்.

வெளியே ஆஸ்பத்திரி போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். வேறு வண்டி இல்லை என்றதும் அவருக்கு நிம்மதி. பேச்சுக்குத்தான் கேட்டார், "மாடா? என்ன மாடும்மா?"

தெரியாது என்று சொல்லக்கூடாதா? மாடு என்றால் மாடு, விட்டுத்தொலைக்கக்கூடாதா? மொட்டையாக விட்டால் நம்பமாட்டான் என்று ஊறிப்போன புத்தி. அன்றைக்குக் காலையில் ஜன்னலுக்கு வெளியே வேலிக்குமேல் தலையை நீட்டி, அவள் வைத்திருந்த முருங்கைக் கொழுந்தைக் கடித்த மாடு கண்முன்னே வந்தது.

"செவலை மாடு சார். நெத்தியில வெள்ளைச் சுட்டி" என்றாள்.

அந்த வட்டாரத்தில் நெற்றிச் சுட்டியோடு ஒரே ஒரு செவலைதான் இருந்தது. அது உலகம்மாளின் மாடு.

அடுத்த வாரம் காளீஸ்வரன் விமானம் ஏறினான். குட்டியானையில் ஏற்கெனவே இருந்த ஒடுக்குகளோடு புதிய ஒடுக்கும் சேர்ந்துகொண்டது, அதை யார் பார்த்தார்கள்! தங்கப்பாண்டியை மதுரைக்குக் கொண்டுபோய்த் தொடையில் கம்பி வைத்து, தலைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். ஒரு கால் குட்டையாகிவிட்டது, கை நடுக்கம் நிற்கவில்லை. செம்புக் கம்பியைப் பிடித்தால் கம்பி ஆடியது. அன்று சாயங்காலம் நடந்தது மட்டும் அவன் தலையிலிருந்து துடைத்துவிட்டது போல் போயிருந்தது. கடையைப் பூட்டியது ஞாபகம் இருந்தது. அதற்கப்புறம் மதுரை ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

"எப்படி விழுந்தேன்?" என்று கேட்டான்.

அவள் சொல்வதற்குமுன்பே பார்க்க வந்திருந்தவர்கள் சொன்னார்கள். "மாடு குறுக்க வந்துருச்சுல்ல! நம்ம உலகம்மா மாடு. ஒன் மச்சினன் மட்டும் பின்னாடி வரலைன்னா நீ அங்கனயே கெடந்து செத்திருப்ப. சாமி மாதிரி வந்து தூக்கியாந்தான்." தங்கப்பாண்டி கண்ணில் நீர் வந்தது. அன்றைக்கே சிங்கப்பூருக்குப் போன் போட்டு, "மாப்ளே, இந்த உசுரு நீ குடுத்ததுய்யா" என்றான். "இருக்கட்டும் மச்சான், ஒடம்பப் பாருங்க" என்று குரல் வந்தது. வீரலட்சுமி பக்கத்தில் நின்று ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் உலகம்மாள் வந்தாள். புருஷனை இழந்தவள், ஒரு பசுவையும் கன்றையும் வைத்துக்கொண்டு, உப்பூர் டீக்கடைக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவள். கையில் ஒரு சொம்பு. உள்ளே வரவில்லை, வாசற்படிக்குக் கீழேயே நின்று அழுதாள்.

"கட்டிப்போடாம விட்டது என் தப்புத்தா. அன்னைக்கு அது நேரங்கழிச்சுத்தேன் வீடு வந்துச்சு. பக்கத்துல பாத்தா வெலாவுல கீறலு. கருவமுள்ளுன்னு நெனச்சேன். ஒன் புருசன் வண்டி கிழிச்சதுன்னு எனக்கெங்க தெரியும்?"

கொடுமையைப் பாருங்கள்! நடக்காத குற்றத்துக்கு அவளே சாட்சியையும் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வீரலட்சுமிக்கு உண்மை வாய்வரைக்கும் வந்தது. உள்ளே புருஷன் படுத்திருந்தான். சிங்கப்பூரில் தம்பி இப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தான். "அழாதக்கா" என்று மட்டும் சொன்னாள்.

"என்னால வேற என்ன செய்ய ஏலும்? தெனம் ஒரு சொம்பு பாலு கொண்டாறேன். அந்த மாட்டுப் பாலுதேன். அவரு எலும்பு ஊற வரைக்கும் குடிக்கட்டும். வேண்டான்னு சொல்லிராத, எம்மனசு தாங்காது."

வீரலட்சுமி சொம்பை வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல் தினமும் பால் வந்தது. மழையானாலும், உலகம்மாளுக்குக் காய்ச்சலானாலும் வந்தது. சொம்பைக் கழுவிக் கொடுக்கிறபோதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். மறுநாளும் அதையே நினைப்பாள். தம்பியிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒப்பந்தம் முடியட்டும்க்கா, நானே வந்து மச்சான் கால்ல விழுந்து சொல்லிருதேன்" என்றான். ஒப்பந்தம் முடிந்தது. ஊருக்கு வராமலே இன்னொன்று போட்டுக்கொண்டான். மச்சானுக்குப் பெரிய டி.வி. அனுப்பினான். தங்கப்பாண்டி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தான்.

அவள் தொழிலில் எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து வரும். அடிபட்டு முதலில் வந்தால் ஏ. ஆறிவருகிற காலத்தில் திரும்ப வந்தால் டி. எல்லாம் ஆறி, ஆறாமல் மிச்சம் நிற்கிற ஊனத்துக்கு எஸ். அமெரிக்காவில் யாரோ ஒருத்தனுக்கு எஸ் போடுகிறபோது, அவன் வீட்டிலும் ஒருத்தி இப்படிப் பால் காய்ச்சிக்கொண்டிருப்பாளோ என்று தோன்றும். "என்ன புள்ளே, ஒரு சார்ட்டுல இவ்ளோ நேரம் நிக்கிற?" என்று சூஃபியா ஹெட்செட்டில் கேட்பாள். ஒன்றுமில்லை என்று அடுத்ததற்குப் போவாள்.

தலையில் அடிபட்டவனுக்குக் கோபம் ஒரு நோயாகவே வந்து சேர்ந்தது. முன்னெல்லாம் அதிர்ந்து பேசாதவன் இப்போது சோற்றுத் தட்டை எறிந்தான். கடை போயிற்று. நாளெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கோபத்துக்கு ஒரு முகம் வேண்டுமே! அதற்கு உலகம்மாள் இருந்தாள். காலையில் அவள் தலை தெரிந்ததும் ஆரம்பிப்பான். "வந்துட்டாளா மகராசி? என் கால முடமாக்கிட்டு சொம்பத் தூக்கிட்டு வாரா பாரு." அவள் தலையைக் குனிந்துகொண்டு சொம்பை வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் பால் வரக் கொஞ்சம் தாமதமானால், "அவ பாலு கொண்டாந்தாளா இல்லையா? குடுக்க வேண்டியவதானே!" என்று கத்துவான். திட்டிக்கொண்டே குடிப்பான். 'இன்னைக்கு எத்தன பேரு விழுந்தாக' என்று கேட்ட மனுஷன் எங்கே போனான் என்று வீரலட்சுமி அடுப்படியில் நின்று அழுவாள். அழுதால் ஆச்சா?

போன பங்குனியில் ஒருநாள், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். வீரலட்சுமி ஹெட்செட்டில் சூஃபியாவோடு பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் 'ணங்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே மாடு கதறுகிற சத்தம். ஹெட்செட்டை வீசிவிட்டு ஓடினாள்.

கயிற்றை அறுத்துக்கொண்டு வந்த செவலை, வேலியோரம் முருங்கைக்குத் தலை நீட்டியிருக்கிறது. தங்கப்பாண்டி கையில் பழைய மோட்டார் பைப். மாடு பின்னங்கால் மடங்கித் தரையில் கிடந்தது. அவன் நடுங்குகிற கையால் இன்னொரு அடிக்கு ஓங்கிக்கொண்டிருந்தான். "என்னய நொண்டியாக்குனேல்ல! இப்ப நட பாப்போம், நட!"

உலகம்மாள் ஓடிவந்தாள். மாட்டைப் பார்த்தாள். அதன் பின்னங்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டாள். சண்டைக்குப் போவாள் என்று கூடினவர்கள் நினைத்தார்கள். அவளோ அவன் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டு, "அடிச்சது நாயந்தேன்யா. ஒன் ஆத்திரம் தீந்துச்சுல்ல? இதோட விட்ரு" என்றாள்.

அதற்குமேல் வீரலட்சுமியால் முடியவில்லை.

"மாடு இடிக்கல!" என்று கத்தினாள். "எந்த மாடும் குறுக்க வரல. எந்தம்பி காளிதேன் குடிச்சுப்புட்டுக் குட்டியானையில வந்து இடிச்சான். அவன் வெளிநாடு போகணும்னு நாந்தேன் மாடுன்னு சொன்னேன். ஆஸ்பத்திரியில, போலீஸ்ல, எல்லாத்துலயும் நாந்தேன் சொன்னேன். இந்தப் பொம்பளை பாவம், அந்த மாடும் பாவம். கேளுங்க, நாந்தேன்!"

தங்கப்பாண்டி பைப்பைக் கீழே போட்டான். அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒனக்கு என்ன புத்தி பேதலிச்சுப்போச்சா? காளி கண்ணால பாத்தவன். நீ வீட்டுல இருந்தவ. நீ எதப் பாத்த? என்னயத் தூக்கியாந்து காப்பாத்துனவன் மேலயே பழி போடுதியா? கூடப் பொறந்தவன் மேல? இவளுக்காகவா?"

"அவனுக்கே போன் போடுங்க. கேப்போம்."

போட்டார்கள். கூட்டம் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான் தங்கப்பாண்டி. விஷயத்தையும் அவனே சொன்னான். வீரலட்சுமி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "காளி, சொல்லுடா. அக்கா கேக்குறேன், சொல்லிருடா" என்றாள்.

"அக்கா" என்றான் அவன், ரொம்பப் பிரியமாக. "நீயும் எத்தன வருசந்தேன் மச்சானப் பாத்து மனசொடஞ்சு கெடப்ப? மாடுன்னு நீதானக்கா சொன்ன? ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் அப்படித்தானே இருக்கு? மச்சான், அக்கா சரியாத் தூங்குறதே இல்ல போலருக்கு. ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டுங்க. எம்புட்டு ஆனாலும் நான் பாத்துக்கிறேன்."

வீரலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் எழுதலையா, அது நடக்கல. எழுதியிருக்கிறதா, அது நடந்துவிட்டது. எழுத வைத்தவள் அவள். தம்பியைக் கண்ணால் பார்த்த சாட்சியாக்கி, தன்னை வீட்டில் இருந்தவளாக்கி, வேறு வண்டியே இல்லை என்றும் சொல்லி, ஓர் ஓட்டை ஒடிசல் இல்லாமல் எழுத வைத்தாள். இப்போது அவளே முட்டி மோதினாலும் உள்ளே போக வழி இல்லை. கூட்டத்தில் ஒருத்தி, "நல்ல பிள்ளை, ஆக்சிடென்டாப் பாத்துப் பாத்துத் தலை கொழம்பிப்போச்சு" என்று அடுத்தவளிடம் சொன்னாள்.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இந்த எலும்பு சேராது என்று கையை விரித்தார். பொழுது சாய்வதற்குள் அடிமாட்டு யாவாரி வண்டியோடு வந்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து மாட்டைத் தூக்கி ஏற்றினார்கள். பலகைக்குமேல் நெற்றிச் சுட்டி மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. அந்த வருஷம் போட்ட கன்று கத்திக்கொண்டே ரோடுவரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பியது.

மறுநாள் காலை வீரலட்சுமி வாசல் தெளிக்க வந்தபோது உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே சொம்பு.

வீரலட்சுமி வாளியைப் போட்டுவிட்டாள். "என்னக்கா இது? மாடுதேன் போயிருச்சே!"

"கடையில பாக்கெட்டு பாலு வாங்கி ஊத்தியாந்தேன்த்தா. மாடு போச்சு, சரி. அது செஞ்ச வெனை போகலயே. அவரு எந்திரிச்சு நல்லா நடக்க வரைக்கும் கொண்டாரணும்ல?"

"ஒங்கால்ல விழுறேன்க்கா. நான் நேத்துச் சொன்னது சத்தியம். ஒம்மாடு ஒண்ணுமே செய்யல. நீ ஒண்ணும் செய்யல. நம்புக்கா."

உலகம்மாள் சொம்பைப் படியில் வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, வீரலட்சுமியின் கன்னத்தைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒன் வாயில பொய்யே வராதுன்னு ஊருல பேரு. எம்மாடு அடிபட்டுக் கெடந்தது பொறுக்காம, எனக்காக அத்தன பேரு முன்னாடி ஒரு பொய்யச் சொல்லி, அந்தப் பேரையும் கெடுத்துக்கிட்டியேத்தா. இத நான் எந்தச் சென்மத்துல தீப்பேன்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீரலட்சுமி ரொம்ப நேரம் படியில் நின்றாள். உள்ளேயிருந்து, "பாலு வந்துருச்சா?" என்று குரல் வந்தது. இரண்டாம் தரம் குரல் வந்தபிறகு சொம்பை எடுத்துக்கொண்டு போய்க் காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

தங்கப்பாண்டி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"தண்ணியா இருக்கு. பாத்தியா, அதுக்குள்ள ஏமாத்த ஆரம்பிச்சுட்டா" என்றான்.